வேக்ஸ் காயறதுக்குள்ள

அந்தச் சேர்ல வேண்டாங்க சார், அதுக்கு ஒரு காலு ஆடும். இக்கட்ட, இந்தப் பக்கம் ஒண்ணு இருக்குதுல்லங்க, அதுல உக்காருங்க. மூணு மணி நேரமாகும், முன்னாலயே சொல்லிப்போடறேன். அவசரம்னா ரோட்டுக்கு அக்கட்ட ஒருத்தன் கடை வெச்சிருக்கறான், முக்கா மணி நேரத்துல வண்டியத் தேச்சுப் பாலீஷ் போட்டுத் தாட்டிவிட்டுருவான். ஒரு வாரம் கழிச்சு வெயில்ல நிறுத்திப் பாருங்க, சிலந்தி வலையாட்டம் வட்ட வட்டமாக் கீறல் தெரியும். நம்மகிட்ட அந்த வேலையே கெடையாது. பல்லடத்துலிருந்து தாராபுரம் வரைக்கும் சென்னியப்பன்னு கேட்டுப் பாருங்க, சொல்லுவாங்க.

உங்க வண்டிய வந்தவுடனே தொட்டுப் பாத்துட்டேன். உள்ளதச் சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. கதவெல்லாம் நல்லாத் தொடைக்கறீங்க. கூரையத் தொடைக்கறதேயில்ல. கண்ணுல படற எடத்த மட்டும் சுத்தமா வெச்சுக்கற ஆளு நீங்க. என்ன வேலைல இருக்கறீங்க? பேங்க் மேனேஜருங்களா. சரியாத்தான் சொல்லிருக்கறேன்.

சிரிக்காதீங்க, இது முப்பது வருசப் பழக்கம். இட்லி மாவு கட்டித் தர்றாங்கல்ல, அந்த மாதிரி மெல்லிசா ஒரு கவரு. அதைக் கைல மாட்டிட்டு பெயிண்டு மேல தடவோணும். வெறுங்கைக்குத் தெரியாத மண்ணு, தாரு, சுண்ணாம்பு எல்லாம் கவரு போட்ட கைக்கு நறநறன்னு தெரியும். ஏன்னு கேட்டா எனக்குத் தெரியாது, தெரியும், அவ்வளவுதான். ஒரு மனுசன் எப்பேர்ப்பட்டவன்னு தெரிஞ்சுக்கறதுக்கு அவங்கூட வருசக்கணக்காப் பழக வேண்டியதில்லீங்க. அவன் வண்டிக் கூரைய ஒருக்காத் தடவுனாப் போதும்.

பசங்க எத்தனைன்னு கேட்டீங்கல்ல. ஒரே பொண்ணு. கோகிலவாணி. கட்டிக்குடுத்துப் பத்து மாசமாச்சு. எட்டு கிலோமீட்டர்தான், இந்தா இருக்குது அவ ஊரு. ஆனா எங்கூட வாய் நெறையாப் பேசி நெம்ப நாளாச்சு. அவம்மாகிட்ட மணிக்கணக்காப் பேசறா. நான் போன வாங்குனா, 'சாப்புட்டீங்ளாப்பா, சரிங்ப்பா, அம்மாகிட்டக் குடுங்ப்பா'. முடிஞ்சுது. பெத்தவனுக்கு வவுறு எரியுமா எரியாதா, நீங்களே சொல்லுங்க. நான் அவளுக்கு ஒரு கெடுதலும் பண்ணல. நல்லது பண்ணப் போயிதான் இத்தனையும்.

சித்த காலத் தூக்குங்க, தேய்க்கற மிசினு ஒயரு போகுது.

போன வருசம் தை மாசம். தரகர் ஒரு ஜாதகம் கொண்டாந்தாரு. பையன் பேரு பூபதி. மாட்டாஸ்பத்திரில கால்நடை ஆய்வாளர், கவர்மெண்டு வேலை. ஊருக்குள்ள மாட்டு டாக்டருன்னுதான் சொல்லுவாங்க. எம்பொண்ணு பால் சொசைட்டில டெஸ்டர். பால ஊத்தறவங்க தண்ணி கலந்திருந்தா, பாலப் பாக்கறதுக்கு முன்னால மூஞ்சியப் பாத்தே சொல்லிப்போடுவா, அப்படிக் கெட்டிக்காரி. நான் தரகர்கிட்ட 'குவாலிட்டி கன்ட்ரோல் ஆபீசர்'னு எழுதச் சொல்லிட்டேன். எனக்கு 'கார் கேர் கம்பெனி'ன்னு போட்டுக்கிட்டம். சும்மா ஒரு எடுப்புக்குத்தான். பொருத்தம் பாத்தா பத்துக்கு எட்டு. வரச் சொல்லியாச்சு. எம்பொண்டாட்டி ருக்மணி கேசரி கிண்டறா, பஜ்ஜிக்கு மாவு கரைக்கறா. நான் வாசல்ல நிக்கறேன். வண்டி வருது சார்.

என்ன வண்டிங்கறீங்க. செவப்பு. ஒரு காலத்துல செவப்பா இருந்திருக்கும்னு சொல்லோணும். பானட்டு வெயில்ல வெளுத்து, வேக வெச்சுத் தண்ணிய வடிச்ச பீட்ரூட்டாட்டம் இருக்குது. ரெண்டு பக்கமும் வேலமுள்ளு இழுத்த கோடு. குருவி எச்சம் காஞ்சு பெயிண்டத் தின்னுருக்குது. டிக்கி இடுக்குல வைக்கோலு. பொண்ணு பாக்க வர்றான் சார், பொண்ணு பாக்க. ஊருக்குள்ள ஒரு பக்கெட்டுத் தண்ணி கெடைக்கலியா அவனுக்கு?

எல்லாரும் உள்ள உக்காந்து கேசரி சாப்புட்டுக்கிட்டிருக்கறாங்க. நான் கம்முனு கைல கவர மாட்டிட்டு வெளிய வந்துட்டேன். கூரையத் தடவுனேன். ஐயோ, ஒடம்பே கூசிப் போச்சு. சலிக்காத மாவுல கைய விட்டாப்பல. பையனோட அம்மா ஜன்னல் வழியாப் பாத்துட்டிருந்திருக்கறாங்க. 'ஏனுங்ண்ணா, கைல புண்ணுங்களா, கவரு கட்டியிருக்கறீங்க'ன்னாங்க. நான் என்னத்தச் சொல்லறது, ஆமாங்கன்னு சொல்லிப்போட்டேன். ஒடனே அந்தப் பையன் தட்ட வெச்சுட்டு எந்திரிச்சு வந்துட்டான். 'காட்டுங்க, பாக்கலாம். வண்டில மருந்து இருக்குதுங்க.' மாட்டுக்குப் போடற மருந்த எனக்குப் போடப் பாக்கறான் சார். எப்படி இருக்கும் எனக்கு?

அவங்க போனதுக்கப்பறம் பொண்ணு எங்கிட்ட வந்து நின்னா. 'எனக்குப் புடிச்சிருக்குங்ப்பா'ன்னா. பொறந்ததிலிருந்து இது வேணும், அது வேணும்னு வாயத் தொறந்து கேட்ட புள்ளையில்ல அவ. பொறகுதான் தெரியுது, தடுப்பூசி போடறதுக்கு அவன் சொசைட்டிக்கு வருவானாம், பழக்கந்தானாம். எங்கிட்ட யாரு சொன்னா. நான் அவள உக்கார வெச்சு எடுத்துச் சொன்னேன். கண்ணு, பெயிண்டுங்கறது வண்டிக்குத் தோலு. தோலையே காப்பாத்தத் தெரியாதவன் உன்னைய எப்படிக் காப்பாத்துவான்னு கேட்டேன். 'அவரு காப்பாத்தற வேலைதாங்ப்பா பாக்கறாரு'ன்னா. மாடுங்களக் காப்பாத்தறதச் சொல்றா. நான் அதையெல்லாம் காதுல வாங்கல. ஜாதகத்துல ஏதோ தோசம் இருக்குதுன்னு இன்னொரு ஜோசியர் சொல்றாருன்னு தரகர்கிட்டச் சொல்லித் தாட்டிவிட்டுட்டேன். வண்டி அழுக்குன்னு மூஞ்சிக்கு நேராச் சொல்ல முடியுங்களா? மனுசனுக்கு ஒரு நாகரிகம் வேணுமல்ல.

மாசி மாசம் அடுத்த எடம் வந்துது. காங்கேயத்துப் பக்கம். பையன் பேரு நவநீதன். எக்ஸ்போர்ட் கம்பெனில மேனேஜர், சொந்தக் காரு. ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு வண்டி வந்து வாசல்ல நிக்குது.

கறுப்பு சார். கறுப்பு வண்டி வெச்சுருக்கறவங்களுக்குத் தெரியும் அந்தக் கஷ்டம். ஒரு தூசி, ஒரு சொட்டுத் தண்ணி மறைக்க முடியாது. அந்தக் கதவுல எம் மூஞ்சி தெரியுது. மூஞ்சின்னா சும்மா இல்ல, காதுல இருக்கற முடி தெரியுது. நான் சுத்திச் சுத்தி வந்தேன். வெயிலுக்கு நேராக் குனிஞ்சு பாத்தேன், ஒரு வட்டக் கீறல் இல்ல. கவரப் போட்டுக் கூரையத் தடவுனேன். வழுக்கிட்டுப் போகுது. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு சார், சத்தியமா. அந்த வண்டியப் பாத்ததும் என்னமோ நம்ம வீட்டுப் புள்ளையப் பாத்தாப்பல ஒரு இது. பையன் மூஞ்சிய நான் சரியாக்கூடப் பாக்கல. உள்ள போயி, பேச்சே வேண்டாம், வெத்தல பாக்கக் கொண்டாங்கன்னுட்டேன். அன்னிக்கே மாத்தி உறுதி பண்ணியாச்சு. ருக்மணி என்னைய ஒரு பார்வை பாத்தா. பொண்ணு காப்பித் தம்ளரெல்லாம் எடுத்துக்கிட்டு உள்ள போயிட்டா.

அவங்கள வழியனுப்பிட்டுத் திரும்பறேன், கோகிலவாணி கதவுகிட்ட நிக்கறா. 'அப்பா, அந்த வண்டில உங்க சட்டை வாசம் வருதுங்ப்பா.'

தொழில் ரகசியம் ஒண்ணு சொல்றேன், வெளிய சொல்லீராதீங்க. கடைசியாப் பூசற வேக்ஸ்ல நான் சித்தப் பச்சைக் கற்பூரம் பொடி பண்ணிக் கலப்பேன். கோயிலுக்குள்ள நொழைஞ்சாப்பல வாசம் வரும். எனக்கு அந்த வாசம் இப்பத் தெரியறதேயில்ல, மூக்கு பழகிப் போச்சு. அவ என் சட்டையத் தொவைச்சே வளந்தவ. அவ சொன்னதுக்கப்பறந்தான் ரோசனை பண்ணிப் பாக்கறேன், அதுக்கு முந்துன வியாழக்கெழமை காங்கேயத்துலிருந்து ஒரு கறுப்பு வண்டி வந்துது. ஒரு நாள் பூரா உக்காந்து தேச்சேன். நான் நம்பர் பாக்கற ஆளில்லீங்க, பெயிண்டு பாக்கற ஆளு. எனக்கு என்ன சந்தோசங்கறீங்க. நான் பண்ணுன வண்டிதான் அது. நம்ம மாப்ள பொண்ணு பாக்க வர்றதுக்கு முன்னால வண்டிய நம்மகிட்டயே குடுத்து வேலை வாங்கியிருக்கறாரு, எவ்வளவு வெவரமானவருன்னு ருக்மணிகிட்டச் சொல்லிச் சொல்லி மாஞ்சு போனேன்.

'அந்த வண்டிய உங்ககிட்டக் குடுத்தது யாருங்ப்பா?' அப்படின்னா பொண்ணு.

பழைய காரு வாங்கி விக்கற ஒருத்தர் இருக்கறாரு காங்கேயத்துல. மாசம் அஞ்சாறு வண்டி நம்மகிட்ட அனுப்பறவரு. அவருதான் அனுப்புனாரு. சரி, அவருகிட்ட மாப்ள வாங்கியிருப்பாருன்னேன். ஒரு போன் போட்டுக் கேளுங்ப்பான்னா. வெத்தல பாக்கு மாத்துனதுக்கப்பறம் வண்டி யாருதுன்னு விசாரிச்சா ஊரு காறித் துப்பாதான்னு நான் சத்தம் போட்டுட்டேன். கம்முனு போயிட்டா. சரி, அடங்கிட்டான்னு நெனச்சேன்.

அடங்கல. புதன்கெழமை சொசைட்டி வேலை முடிஞ்சதும் ஸ்கூட்டிய எடுத்துக்கிட்டுக் காங்கேயம் போயிருக்கறா. தனியா. காரு வாங்க வந்தாப்பல பேசியிருக்கறா. அந்தக் கடைக்காரரு, 'இந்தக் கறுப்பு வண்டிங்களாம்மா? ஞாயித்துக்கெழமை பொண்ணு பாக்கறதுக்குன்னு ஒரு பையன் ஒரு நாளைக்கு மட்டும் வாங்கிட்டுப் போனான், திரும்ப வந்துருச்சு, நீங்க ஓட்டிப் பாக்கலாம்'னாராம். அவ போட்டோ புடிச்சுக்கிட்டு வந்துட்டா. வந்து எங்கிட்டப் போன நீட்டறா. கண்ணாடில 'விற்பனைக்கு'ன்னு அட்டை ஒட்டி அந்த வண்டி நிக்குது.

நான் பாத்தேன். 'பாரு கண்ணு, நாலு நாளு வெளிய நின்னும் எப்படி இருக்குது பாரு. மூணு மாசத்துக்கு அந்த வேக்ஸ் அசையாது'ன்னேன். வாய் தவறி வந்துருச்சுங்க. தொழில் புத்தி. அவ என்னையவே பாத்துக்கிட்டு நின்னா. அந்த மாதிரி அவ என்னையப் பாத்ததேயில்ல. அப்பறம் எம்முன்னாலயே நவநீதனுக்குப் போன் போட்டா. 'உங்க காரு எங்கீங்க இருக்குது?' சர்வீசுக்கு விட்டிருக்கறேன்னு சொல்லியிருக்கறான். 'காரு இல்லாதது ஒண்ணும் தப்பில்லீங்க. எங்க வீட்டுலயும் இல்ல. இல்லாதத இருக்குதுன்னு சொன்னீங்கல்ல, அது எனக்குச் சரிப்படாதுங்க'ன்னு சொல்லி வெச்சுட்டா. அவ்வளவுதான் சார். வெத்தல பாக்கு மாத்துன எடம், போன்லயே முடிஞ்சு போச்சு.

மானம் கப்பலேறிப் போச்சு. சொந்தபந்தம், ஒறம்பரை பூரா வந்து திண்டாட வெச்சாங்க. சென்னியப்பன ஏமாத்திட்டான், சென்னியப்பன ஏமாத்திட்டான்னு ஊரெல்லாம் இதே பேச்சு. நான் ஒருத்தங்கிட்டயும் ஒத்துக்கல. ஏன்னா அது உண்மையில்லீங்க. அவன் சொன்னது பொய்யா இருக்கலாம், அந்தப் பளபளப்பு பொய்யில்ல. அது அசலு. ஒரு நாள் பூரா நான் இடுப்பொடியத் தேச்சது. அதை எவனும் கொறை சொல்ல முடியாது.

பின் கதவுல இந்தக் கோடு என்னங்க, கேட்டுல ஒரசுனதா? தேச்சுப் பாக்கறேன், முழுசாப் போகாது. ஒண்ணு சொல்றேன், ஆழமா விழுந்தத எடுக்கறேன்னு போனா இருக்கற பெயிண்டும் போயிரும். சில கோட்டோட வாழ்ந்துக்க வேண்டியதுதான்.

அப்பறம் ரெண்டு மாசம் வீடு எழவு வீடாட்டம் கெடந்துது. பொண்ணு வேலைக்குப் போறா, வர்றா, சாப்புடறா. எதுத்துப் பேசறதில்ல, சிரிக்கறதுமில்ல. ருக்மணிதான் ஒரு நாள் வெடுக்குனு சொன்னா. 'ஏனுங்க, நீங்க போயி அந்த மாட்டு டாக்டரு வீட்டுல பேசறீங்களா, இல்ல நான் பொழுதோட பஸ் ஏறட்டுமா?' இருவத்தேழு வருசத்துல அவ அந்த மாதிரிப் பேசுனதில்ல. நான் போனேன். எனக்கு இது எவ்வளவு பெரிய எறக்கம்னு நெனச்சுப் பாருங்க. போயி, ஜாதகத்த வேற ஒரு நல்ல ஜோசியர்கிட்டக் காட்டுனம், தோசமெல்லாம் ஒண்ணுமில்லீன்னு சொல்லிட்டாருன்னு ஆரம்பிச்சேன். அந்தப் பையனோட அம்மா சிரிக்கறாங்க. 'ஜாதகத்தையும் மிசினப் போட்டுத் தேச்சுட்டீங்களாக்கும்'ங்கறாங்க. எல்லாரும் சிரிக்கறாங்க. அந்தப் பையன் மட்டும் சிரிக்கல. 'கையி ஆறிருச்சுங்ளா'ன்னு கேக்கறான். எந்தக் கையின்னு எனக்கு ஞாபகமே இல்ல.

சரின்னுட்டாங்க. பெருந்தன்மையா நான் எறங்கிப் போனதுக்குப் பலன். ஆனா ஒண்ணே ஒண்ணு சொன்னேன். மறுபடியும் எங்க வாசலுக்கு அந்த வண்டி அந்தக் கோலத்துல வரக்கூடாது, என் ஒறம்பரைக்கு முன்னால எனக்கு மூஞ்சி இருக்காது, ஒரு நாள் கடைல விடுங்கன்னேன். கொண்டாந்து விட்டுட்டுப் போயிட்டான்.

இங்கதான் சார், உங்க வண்டி நிக்கற எடத்துலதான். பழைய செவப்புல கலருக்கு மேல கண்ணாடியாட்டம் வர்ற கோட்டிங் இருக்காது, மிசின வெச்சா அதோட பஞ்சுப் பேடு பூரா கலரு ஏறி ரத்தமாட்டம் வரும். அது சகஜம். பானட்டு நடுவுல ஒரு மடிப்பு ஓடுதுல்லங்க, அந்த மேட்டுல பெயிண்டு மெல்லிசா இருக்கும். டேப்பு ஒட்டிட்டுத்தான் மிசின் வெக்கோணும். முப்பது வருசமா ஒரு வண்டிக்குக்கூட நான் ஒட்டாம இருந்ததில்ல. அன்னிக்கு ஒட்டல. ஆத்தரம். இந்த வண்டிக்கு டேப்பு ஒண்ணுதான் கொறைச்சல்னு ஒரு ஆத்தரம். அழுத்திப் புடிச்சேன். ஒரு நிமிசங்கூட ஆகல, உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளையாயிருச்சு. அடில இருக்கற பிரைமர் பல்லிளிச்சுக்கிட்டு நிக்குது. முப்பது வருசத்துல மொதத் தடவ.

என் தப்புன்னு சொல்ல மாட்டேன். மாட்டுத் தொழுவத்துல வண்டிய நிறுத்தறான் சார். மாடு பானட்ட நக்கியிருக்குது. உப்புக்கு நக்கும். நக்கி நக்கி அந்த எடத்துல பெயிண்டு மெலிஞ்சு போயிருக்குது, வேற என்ன காரணம் இருக்க முடியும்?

சாயங்காலம் வந்தான். நான் வண்டியக் காட்டுனேன்.  கல்யாணத்த நிறுத்திருவானோன்னு பயந்துட்டேன், பொண்ணு மூஞ்சி கண்ணுக்குள்ள வருது. அவன் அந்த வெள்ளையத் தடவிப் பாத்தான். 'வண்டி ஓடுமல்லங் மாமா?'ன்னான். ஓடும்னேன். 'அப்பறமென்னங். தூரத்துல வர்றப்பவே நாந்தான்னு மாட்டுக்காரங்களுக்கு அடையாளம் தெரியும்'னு சொல்லிச் சாவிய வாங்கிட்டுப் போயிட்டான். அவ்வளவுதான். அக்கறை இருக்கற மனுசன் பேசற பேச்சா சார் அது? ரெண்டு வார்த்தை திட்டியிருந்தாக்கூட எனக்கு நிம்மதியா இருந்திருக்கும்.

ஆவணில சிவன்மலைக் கோயில்ல கல்யாணம். நல்லபடியா நடந்துது. பொண்ணு மாப்ள அந்த வண்டிலதான் போனாங்க, பானட்டுல அந்த வெள்ளையோட. வேற வண்டி பேசறேன்னேன், பொண்ணு கேக்கல. அதுலிருந்து எப்ப வந்தாலும் அந்த வெள்ளை எங் கண்ணுக்கு நேரா வந்து நிக்கும். ஒரு நாள் விட்டுட்டுப் போங்க, சரி பண்ணித் தர்றேன்னு கெஞ்சாத கொறை. போன்ல கூப்புட்டாலும் மொதல்ல வண்டி எப்படி இருக்குதுன்னுதான் கேப்பேன். அக்கறையில கேக்கறேன். ஒருக்கா அவளே சொல்லிட்டா, 'நாங்க வர்றது உங்களப் பாக்கங்ப்பா. வண்டியக் காட்ட இல்ல.' அதுக்கப்பறந்தான் நான் சொன்னேனே, 'அம்மாகிட்டக் குடுங்ப்பா'ங்கறதெல்லாம்.

போன ஞாயித்துக்கெழமை வந்தாங்க. கோழி அடிச்சுக் கொழம்பு வெச்சா ருக்மணி. நான் முன்னாலயே அந்தச் செவப்புக்குச் சரியாக் கலரு கலந்து வாங்கி வெச்சிருந்தேன். 'சாவியக் குடுங்க மாப்ள, நெழல்ல நிறுத்தறேன்'னு வாங்கி, நேரா இந்த ஷெட்டுக்குள்ள ஏத்திட்டேன். வீட்டுக்குப் பின்னாலதானுங்க ஷெட்டு. மணி பதினொண்ணு. கழுவி, வெள்ளைய அடைச்சு, கலரு தெளிச்சு, அது காயற வரைக்கும் மத்த எடத்தத் தேச்சேன். இந்தத் தடவ டேப்பு ஒட்டுனேன். சாப்புட வாங்கன்னு ரெண்டு தடவ கூப்புட்டாங்க. மாப்ளகூட வந்து, நான் தண்ணி புடிக்கட்டுங்ளான்னு நின்னாரு. நீங்க போயி உக்காருங்கன்னு தாட்டிவிட்டேன். முள்ளுக் கோடெல்லாம் போயிருச்சு. கூரை கவருக்கு வழுக்குது. செவப்புன்னா என்ன செவப்பு.

நாலு மணியிருக்கும். பொண்ணு மோர்த் தம்ளரோட வந்தா. என் ரெண்டு கைலயும் வேக்ஸ். அவளே தம்ளர என் வாய்கிட்டப் புடிச்சா, குடிச்சேன். 'அப்பா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணுங்'ன்னா.

'இரு கண்ணு, வேக்ஸ் போட்டுட்டேன். காயறதுக்குள்ள தொடைக்கோணும்'னேன்.

'எவ்வளவு நேரமாகுங்ப்பா?'

'இந்தா, பானட்டு, கூரை, நாலு கதவு.' அவ அந்தச் சேர்ல உக்காந்தா, இப்ப நீங்க உக்காந்திருக்கறதுலதான். நான் தொடைச்சுக்கிட்டே இருந்தேன். கூரை முடிச்சுட்டுத் திரும்பிப் பாக்கறேன், போயிட்டா. சரி, அவம்மா கூப்புட்டிருப்பான்னு நெனச்சு நாலு கதவையும் முடிச்சேன்.

அஞ்சரைக்குக் கெளம்புனாங்க. மாப்ள வண்டியப் பாத்துட்டு, 'நல்லாருக்குதுங் மாமா'ன்னாரு. அவ எங்கிட்ட வந்து, 'போயிட்டு வர்றங்ப்பா'ன்னா. நான் சொன்னேன், 'கண்ணு, ரெண்டு நாளைக்கு மண் ரோட்டுல போக வேண்டாம்னு மாப்ளகிட்டச் சொல்லு.' தலைய ஆட்டுனா. ஏறி உக்காந்தா. வண்டி போயிருச்சு.

ருக்மணி வாசல்லயே நின்னுக்கிட்டு முந்தானைல கண்ணத் தொடைக்கறா. என்ன புள்ள, என்னாச்சுன்னேன். 'மூணு மாசம்ங்க'ன்னா. எனக்குப் புரியல. 'அவ முழுகாம இருக்கறா. உங்ககிட்ட அவளே சொல்லோணும்னு என்னையப் பேச வேண்டாம்னுட்டா. மத்தியானம் பூரா நீங்க உள்ள வருவீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தா.'

பொக்குனு போச்சுங்க. நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க. வேக்ஸ் காஞ்சா வெள்ளையாப் புடிச்சுக்கும், அப்பறம் நாளெல்லாம் தொடைச்சாலும் போகாது, அது எம்பொண்ணுக்குத் தெரியாதா? கால் மணி நேரம் உக்காரக் கூடாதா? இருன்னுதான சொன்னேன், போன்னா சொன்னேன்? முப்பது வருசம் இதே கையால தேச்சுத்தான் அவளப் படிக்க வெச்சேன்.

ரோட்டுக்கு ஓடுனனுங்க, கைல துணியோட. அதுக்குள்ள வண்டி தென்னந்தோப்புத் திருப்பத்துக்கிட்டப் போயிருச்சு. எம் முதுகுக்குப் பின்னால வெயிலு, நேரா வண்டி மேல அடிக்குது. பின் கண்ணாடி, டிக்கி, கூரை எல்லாம் ஒரே ஜொலிப்பு, பாக்கப் பாக்கக் கண்ணு கூசுது. கைய ஆட்டுனேன். கண்ணு, கண்ணுன்னு கூப்புட்டேன். அவ திரும்பிப் பாத்திருப்பாளுங்க. பாக்காமப் போற புள்ளையில்ல. எனக்குத்தான் அந்தப் பளபளப்புல உள்ள ஒண்ணும் தெரியல.